விலங்குகளிடமிருந்து வரும் நோய்கள்: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலங்கு நோய்களைக் கண்காணிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். அது தெரிந்தவுடன் கல்யாண வீட்டிலும் சமூக மன்றத்திலும் தேக்காச் சந்தையிலும் என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை. ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

விலங்குக்கு வர்ற எல்லா நோயும் மனுஷனுக்கு வந்துடுமா?

இல்லை. பெரும்பாலான விலங்கு நோய்கள் அந்தந்த இனத்தோடு நின்றுவிடும். ஒரு கிருமி நம் உடம்புக்குள் புக வேண்டும் என்றால், நம் செல்களில் ஒட்டிக்கொள்ள அதற்கு வழி இருக்க வேண்டும். அந்த விலங்கோடு நமக்குப் போதுமான நெருக்கமும் இருக்க வேண்டும். இரண்டும் அமைவது அபூர்வம்.

ஆனால் மனிதருக்கு வரும் தொற்றுநோய்களில் பாதிக்கும் மேல் ஏதோ ஒரு காலத்தில் விலங்கிடமிருந்து வந்தவைதான். புதிதாகத் தலைகாட்டும் நோய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று அப்படிப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதனால்தான் மனிதர் நோயில் படுப்பதற்கு முன்பே விலங்குகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூர்ல ஆடு மாடு பண்ணையே கிடையாதே. எதுக்கு இவ்வளவு கண்காணிப்பு?

கொஞ்சம் இருக்கின்றன. லிம் சூ காங் பக்கம் போனால் முட்டைப் பண்ணைகளையும் ஆட்டுப் பண்ணையையும் பார்க்கலாம். பன்றிப் பண்ணைகள்தான் 1980களில் படிப்படியாக மூடப்பட்டன. பண்ணை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. செல்லப்பிராணிகள் விமானத்தில் வருகின்றன. குளிர்காலம் தொடங்கியதும் சைபீரியா வரையிலிருந்து பறவைகள் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு வந்து இறங்குகின்றன. அவற்றுக்குச் சோதனைச்சாவடி ஏது?

கண்காணிப்புன்னா நிஜமா என்னதான் செய்வீங்க?

பெரும்பாலும் மாதிரி எடுப்பதுதான் வேலை. பறவையின் தொண்டையிலும் கழிவுவாயிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுப்பது, வௌவாலின் எச்சத்தைச் சேகரிப்பது, பண்ணைக் கோழிகளின் ரத்தத்தைச் சோதிப்பது, செத்துக் கிடக்கும் விலங்கை அறுத்துப் பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். பிறகு ஆய்வுக்கூடத்தில் பிசிஆர் சோதனை. கிருமி அகப்பட்டால் அதன் மரபணு வரிசையைப் படித்து, வேறு நாடுகளில் கிடைத்தவற்றோடு ஒப்பிடுவோம்.

விலங்கு நலம் 2019 ஏப்ரலிலிருந்து தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கிறது. உணவுக்கு சிங்கப்பூர் உணவு அமைப்பு, கொசுவுக்கும் சுற்றுப்புறத்துக்கும் தேசியச் சுற்றுப்புற அமைப்பு, மனிதருக்கு சுகாதார அமைச்சு. கிருமிக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியாது. எனவே இவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதே கண்காணிப்பில் பாதி. மருத்துவரும் கால்நடை மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதை ‘ஒரே சுகாதாரம்’ என்று சொல்கிறோம்.

இங்கே உண்மையிலேயே அப்படி ஏதாவது நடந்திருக்கா, இல்ல சும்மா பயமுறுத்துறீங்களா?

நடந்திருக்கிறது. 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் பன்றி வெட்டும் கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கு நோய் கண்டது. சிலருக்கு மூளைக்காய்ச்சல், சிலருக்கு நுரையீரல் அழற்சி. ஒருவர் இறந்தார். அவர்கள் கையாண்ட பன்றிகள் மலேசியாவிலிருந்து வந்தவை. அங்கே 1998 செப்டம்பரிலிருந்தே ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைக்காரர்கள் காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் உயிரிழந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொல்ல வேண்டி வந்தது. சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது நிப்பா கிருமி ஆயிற்று.

பண்ணைகளில் பன்றிக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே மாமரங்கள் இருந்தன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழம் கீழே விழ, பன்றி தின்றது. கொட்டகையில் நெருக்கமாக அடைபட்ட பன்றிகளுக்குள் கிருமி பெருகியது. நோயுள்ள பன்றிகளை வேறு ஊருக்கு விற்றபோது கிருமியும் லாரியில் கூடவே போனது. வௌவாலும் மாமரமும் காலங்காலமாக இருந்தவை. பன்றிக் கொட்டகையை மரத்தடிக்குக் கொண்டுபோனது நாம்தான்.

அத்தனை மாசம் யாருக்கும் தெரியலையா? முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாமே?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. ஆரம்பத்தில் எல்லாரும் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டார்கள். அது கொசுவால் பரவுவது, பன்றியோடும் தொடர்புள்ளது. நினைத்ததில் தவறில்லை. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

ஆனால் பொருந்தாத அடையாளங்கள் கண்ணெதிரே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியைக் கையால் தொடும் பெரிய ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. கொசு கடித்துத்தான் வருகிறது என்றால் பக்கத்தில் வசித்த, பன்றிப் பக்கமே போகாத மலாய்க்காரர்களுக்கும் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே தூரத்துக்குக் கேட்கும்படி இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து இது வேறு கிருமி என்று கண்டறிந்த பிறகுதான் நடவடிக்கை திசை மாறியது. பண்ணையில் இருமிய பன்றியையும் மருத்துவமனையில் படுத்த மனிதரையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க அன்று ஆள் இல்லை. நான் இந்த வேலையில் இருப்பதற்குக் காரணமே இதுதான்.

நிப்பா கேரளாவுலயும் வருதாமே. விடுமுறைக்கு ஊருக்குப் போறோம், பயமா இருக்கு.

2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 பேர் இறந்தார்கள். நோயாளிகளைக் கவனித்த லினி என்ற தாதியும் அவர்களில் ஒருவர். அதற்குப் பிறகும் அங்கே சில முறை தலைகாட்டியிருக்கிறது. மலேசியாவில் பன்றி நடுவில் இருந்தது. கேரளாவில் நோயாளியிடமிருந்து அருகில் இருந்தவர்களுக்கு நேராகவே பரவியது. பங்களாதேஷில் இரவில் மரத்தில் தொங்கும் பானையில் வௌவால் வாய் வைத்த பேரீச்சம் பதநீரைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு வந்தது.

பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. கீழே விழுந்த, கடிபட்ட பழத்தைச் சாப்பிடாதீர்கள். காய்ச்சாத கள், பதநீர் வேண்டாம். நோய் பரவும் நேரத்தில் மருத்துவமனைக்குப் போய் நலம் விசாரிப்பதைத் தள்ளிப்போடுங்கள். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் எந்த ஊருக்குப் போனீர்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

எங்க புளோக் பக்கத்துல பனைமரத்துல வௌவால் தொங்குது. டவுன் கவுன்சிலைக் கூப்பிட்டு விரட்டச் சொல்லலாமா?

வேண்டாம், தயவுசெய்து. அடுக்குமாடி வீட்டுப் பக்கம் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சிறிய நாய்முகப் பழந்தின்னி வௌவால். அது பாட்டுக்கு ஓலைக்கு அடியில் தூங்கும். விரட்டினால் கலைந்து வேறு இடங்களுக்குப் போகும். மன உளைச்சலுக்கு ஆளான வௌவால் வழக்கத்தைவிட அதிகமாகக் கிருமியை வெளியேற்றக்கூடும் என்று ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டுகின்றன. நாமே ஆபத்தைத் தூண்டிவிடுவானேன்?

குகைத் தேன் வௌவால் என்று ஒரு வகை உண்டு. டுரியான் பூவில் மகரந்தம் சேர்ப்பதில் அதற்குப் பெரிய பங்கு. டுரியான் பிரியர்கள் அதை நன்றியோடு நினைக்க வேண்டும். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடாமல், பிள்ளைகளையும் தொடவிடாமல், தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 என்ற எண்ணை அழையுங்கள். செத்துக் கிடக்கும் பறவைகளுக்கும் இதே எண்தான், குறிப்பாக ஒரே இடத்தில் பல கிடந்தால். உங்கள் ஒரு அழைப்பு எங்களுக்கு ஒரு மாதிரி.

அவ்வளவு கிருமி இருந்தும் வௌவாலுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?

இதை ஆழமாக ஆராயும் இடங்களில் ஒன்று நம் ஊரில்தான் இருக்கிறது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் பேராசிரியர் வாங் லின்ஃபாவின் குழு குகைத் தேன் வௌவால்களை ஆய்வுக்காகவே வளர்க்கிறது. சார்ஸ் வகைக் கிருமிகளின் இயற்கை இருப்பிடம் குதிரைலாட வௌவால்கள் என்று 2005-இல் காட்டிய ஆய்வாளர்களில் அவரும் ஒருவர்.

நமக்குக் கிருமி வந்தால் உடம்பு கொந்தளிக்கும். பல நோய்களில் ஆளைக் கொல்வது கிருமியைவிட அந்தக் கொந்தளிப்புதான். வௌவாலின் உடம்பில் அழற்சியைத் தூண்டும் ஒரு பொறி மட்டுப்பட்டிருக்கிறது என்று 2019-இல் இந்தக் குழு வெளியிட்டது. கிருமியை அடக்கி வைக்கிறது, ஆனால் தன்னையே எரித்துக்கொள்வதில்லை. அந்த வித்தையை மருந்தாக மாற்ற முடியுமா என்று பார்க்கிறார்கள்.

பறவைக் காய்ச்சல் செய்தி வரும்போது கோழி, முட்டை சாப்பிடலாமா?

நன்றாக வெந்தால் சாப்பிடலாம். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் உள்வரை வெந்த கோழியில் கிருமி பிழைக்காது. அரைவேக்காட்டு முட்டை பிரியர்கள் அந்தச் சமயத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்து சாப்பாட்டு மேசையில் இல்லை, உயிருள்ள கோழியைப் பிடித்து, அறுத்து, இறகு பிடுங்கும் இடத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் ஈரச்சந்தைகளில் உயிர்க்கோழி அறுப்பதை 1990களின் தொடக்கத்திலேயே நிறுத்தியது எத்தனை தொலைநோக்கான முடிவு என்பது 1997-இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. உயிர்க்கோழிச் சந்தைகள்தான் மூலம்.

2003-க்குப் பிறகு உலகில் 900-க்கும் மேற்பட்டோருக்கு இந்தக் கிருமி வந்து, ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். மனிதருக்கு மனிதர் எளிதாகப் பரவவில்லை என்பதுதான் ஆறுதல். 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் இது கண்டுபிடிக்கப்பட்டபோது எங்கள் துறையில் பலருக்குத் தூக்கம் போனது. கிருமி புதிய இனத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் அதற்கு மாறிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

புறாவுக்கு அரிசி போடறதும் அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கிறதும் புண்ணியம்தானே? அதுக்கு ஏன் அபராதம்?

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. என் வீட்டிலும் பெரியவர்கள் காக்காய்க்கு வைக்காமல் சாப்பிட்டதில்லை. ஆனால் அந்த வழக்கம் தோட்டமும் கொல்லையும் இருந்த ஊரில் உருவானது. பத்து மாடிப் புளோக்கின் கீழே தினமும் தீனி கிடைத்தால் பறவைகள் இயல்புக்கு மீறிக் கூடுகின்றன. கூட்டம் கூடினால் கிருமி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். எச்சம் காய்ந்து தூளாகி மூச்சில் ஏறினால் வயதானவர்களுக்கும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும் நுரையீரல் தொற்று வரலாம். தீனி கிடக்கும் இடத்துக்கு எலியும் வரும்.

2020-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தீனி போட்டால் முதல் முறை 5,000 வெள்ளி வரை, மறுபடியும் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். படையலை வீட்டுக்குள் வைத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டாரே பிரசாதமாக எடுத்துக்கொள்ளலாம். முன்னோர் கோபிக்க மாட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவுல மாடு கொண்டு வர்றாங்க. பிள்ளைங்க தொட்டுக் கும்பிடலாமா?

தொடலாம், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கை கழுவும் வரை வாயில் விரல் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். 2022-இல் லிம் சூ காங்கில் மாடுகளுக்குத் தோல்கட்டி நோய் வந்தபோது பலர் பயந்தார்கள். அது ஈ, கொசு போன்றவை கடித்து மாட்டுக்கு மாடு பரவும் நோய், மனிதருக்கு வராது. மாட்டிடமிருந்து நமக்கு வரக்கூடியவை காய்ச்சாத பாலில்தான் அதிகம். புரூசெல்லா என்ற பாக்டீரியா தரும் காய்ச்சல், மாட்டுக் காசநோய் இரண்டும் அப்படித்தான். பாலைப் பொங்க வைக்கிற பண்டிகையில் இதைச் சொல்லத் தேவையே இல்லை.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து புலாவ் பூலான் பன்றியை நிறுத்தினாங்களே, அதுவும் நமக்கு வருமா?

வராது. அது பன்றிகளுக்கு மட்டும், அவற்றுக்கோ மரண அடி. 2023 பிப்ரவரியில் இங்கே காட்டுப்பன்றியிடம் கண்டுபிடிக்கப்பட்டது, ஏப்ரலில் இந்தோனேசியத் தீவான புலாவ் பூலானிலிருந்து வந்த பன்றிகளில். 2009-இல் உலகம் சுற்றிய எச்1என்1 சளிக்காய்ச்சலையும் ‘பன்றிக் காய்ச்சல்’ என்றே சொன்னதால் குழப்பம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஊர்ல நாய் லேசா பிராண்டிடுச்சு. சிங்கப்பூர் வந்தப்புறம் ஊசி போட்டுக்கலாமா?

காத்திருக்காதீர்கள். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் கிடையாது, அதனால் இங்கே வளர்ந்தவர்களுக்கு அதன் தீவிரம் தெரிவதில்லை. இந்தியாவில் அது இன்னும் ஆட்களைக் கொல்கிறது. அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். கடியோ கீறலோ, உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அங்கேயே முதல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மிச்ச ஊசிகளை இங்கே தொடரலாம். ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாகக் கொண்டு வாருங்கள்.

ஊரிலிருந்து நாய், பூனை கொண்டுவரத் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் எல்லாம் ஏன் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கும் இதுதான் பதில். எழுபது வருடமாக வராத நோய் தானாக வராமல் இருக்கவில்லை.

காட்டுல குரங்கு இருக்கே, அதுகிட்டேர்ந்து மலேரியா வருமாமே?

வரும், கொசு வழியாக. நோலெசி என்ற குரங்கு மலேரியா 2007 வாக்கில் இங்கே ராணுவப் பயிற்சிக் காட்டில் இருந்த வீரர்களுக்கு வந்தது. ஆராய்ந்தபோது அந்தக் காட்டுக் குரங்குகளிடம் ஒட்டுண்ணி இருந்தது, குடியிருப்புப் பக்கம் திரியும் குரங்குகளிடம் இல்லை. அதைப் பரப்பும் காட்டுக் கொசு எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். குரங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

எப்பவும் விலங்குலதான் முதல்ல தெரியுமா?

இல்லை, தலைகீழாகவும் நடக்கும். 2015-இல் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் ஆரோக்கியமான பெரியவர்கள் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் மூளையுறை அழற்சி, மூட்டுத் தொற்று என்று வந்து சேர்ந்தார்கள். வழக்கமாக அது பிறந்த குழந்தைகளையும் முதியவர்களையும்தான் படுத்தும். இது எப்படி என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டு என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தபோது, பச்சை மீன் துண்டுகள் போட்ட கஞ்சி அகப்பட்டது. தோமான், சோங் போன்ற நன்னீர் மீன்கள். மீனிலும் நோயாளியிலும் எஸ்டி283 என்ற ஒரே ரகம். அந்த ஆண்டு முடிவதற்குள் நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிடும் உணவாக விற்பது தடை செய்யப்பட்டது.

1999-இல் தவறவிட்ட அதே வகை அடையாளம்தான் இது: ‘வழக்கமாக வராத ஆளுக்கு வந்திருக்கிறது.’ இந்த முறை அதைப் பிடித்தார்கள்.

நம்மகிட்டேர்ந்து விலங்குக்குப் போகுமா?

போகும். 2021 நவம்பரில் நைட் சஃபாரியில் ஆசியச் சிங்கங்களுக்குக் கொவிட்-19 வந்தது, கிருமி தொற்றிய ஊழியர்களோடு பழகியதில். சிங்கங்கள் தேறிவிட்டன. உங்களுக்குச் சளி, காய்ச்சல் என்றால் வீட்டுப் பூனையோடு கொஞ்ச நாள் கொஞ்சாமல் இருங்கள்.

இவ்வளவு ஆராய்ச்சி இருந்தும் கொவிட்டைத் தடுக்க முடியலையே. அடுத்தது எதுன்னாவது சொல்ல முடியுமா?

எது, எப்போது என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். விலங்குகளில் இருக்கும் கிருமிகள் எண்ணிலடங்காதவை, அவற்றில் பெரும்பாலானவை நம்மை ஒருபோதும் தொடாது. எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அடுத்ததைக் கணிப்பதைவிட, மனிதரும் விலங்கும் நெருங்கும் இடங்களை விடாமல் கவனிப்பது பலன் தரும் என்பது என் கருத்து. வெட்டுக்கூடம், பண்ணை, சந்தை, காட்டோரக் குடியிருப்பு, எல்லைச் சாவடி.

தடுக்க முடியாதபோதும் முன்கூட்டிய அறிவு வீணாவதில்லை. 2003-இல் சார்ஸ் இங்கே 238 பேரைத் தொற்றி 33 பேரைக் கொண்டுபோனது. கொவிட் கிருமிக்கு உறவான அந்தக் கிருமியைப் பற்றி அன்றிலிருந்து சேர்த்த அறிவு இருந்ததால்தான் 2020-இல் சோதனைகளும் தடுப்பூசிகளும் அவ்வளவு வேகமாக வந்தன.

ஒரு நாடு நோயை மறைச்சா என்ன பண்ணுவீங்க?

உலக விலங்கு சுகாதார அமைப்பு என்று ஒன்று பாரிஸில் இருக்கிறது. அது பிறந்த கதையில் நம் பக்கத்து மாடுகளும் உண்டு. 1920-இல் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் நிற்க, அங்கே மாட்டு வெக்கை நோய் பரவியது. இனி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம் என்று 28 நாடுகள் 1924-இல் கையெழுத்திட்டன. குறிப்பிட்ட நோய்கள் உறுதியானால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது இன்றைய விதி. அந்த மாட்டு வெக்கை நோயே 2011-இல் உலகிலிருந்து ஒழிந்தது.

ஆனாலும் மறைக்கத் தூண்டுவது பணம். நோய் என்று சொன்ன மறுநாளே ஏற்றுமதி நின்றுவிடும் என்றால் யார்தான் வாய் திறப்பார்கள்? 2004 ஆகஸ்ட்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்ததும் சிங்கப்பூர் மலேசியக் கோழி மொத்தத்தையும் நிறுத்தியது. இப்போது பல நாடுகளோடு வட்டார அளவில் உடன்பாடு இருக்கிறது. நோய் வந்த மாநிலத்தையோ மாவட்டத்தையோ மட்டும் நிறுத்திவிட்டு மற்ற இடங்களிலிருந்து வாங்கலாம். பண்ணைக்காரருக்கும் இதே கணக்குதான். கொன்ற விலங்குக்கு நியாயமான இழப்பீடு உடனே கையில் வரும் என்று தெரிந்தால், முதல் கோழி சாகும்போதே அவர் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவார். வராது என்று தெரிந்தால் இரவோடு இரவாக மிச்சத்தை விற்றுவிடுவார்.